காற்றுக்குக் கணக்குப் போடும் விரல்: ‘கோல்ஃப் கிளாஷ்’ வாரப் போட்டி

‘கோல்ஃப் கிளாஷ்’ விளையாட்டைக் கைப்பேசியில் இறக்கியவர்கள் முதலில் பழகுவது ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தை. நுழைவுக்குக் கொஞ்சம் நாணயம் கட்ட வேண்டும். ஒரே ஒரு குழி, எதிரே உலகின் வேறொரு மூலையிலிருந்து ஒருவர், சில நிமிடங்களில் முடிவு. வென்றவருக்கு இருவர் கட்டிய நாணயமும் போய்ச் சேரும். சமநிலை என்றால், கொடிக்கு அருகில் பந்தை நிறுத்துவது யார் என்று ஒரே அடியில் தீர்ப்பு. விறுவிறுப்பான ஆட்டம்தான். ஆனால் அதை மட்டும் ஆடிவிட்டு இந்தச் செயலியை எடைபோட்டால் பாதி விமர்சனம்கூட ஆகாது. வாரந்தோறும் நடக்கும் போட்டியில் இறங்கும்போதுதான் இதற்குள் இருக்கும் கோல்ஃப் வெளியே வருகிறது.

அந்தப் போட்டிக்குத் தகுதிச் சுற்று, தொடக்கச் சுற்று, வார இறுதிச் சுற்று என்று படிகள் உண்டு. ரூக்கி, புரோ, எக்ஸ்பர்ட், மாஸ்டர் என நான்கு பிரிவுகள். மேலே போகப் போகக் காற்று பலக்கிறது, அடிக்க வேண்டிய தூரமும் கடுமையாகிறது. எதிரே காத்திருக்கும் ஆள் யாரும் கிடையாது. நீங்கள், மைதானம், மொத்தம் எத்தனை அடியில் முடித்தீர்கள் என்ற எண்ணிக்கை, இவ்வளவுதான். ஒரு குழியை முடித்துவிட்டுக் கைப்பேசியை வைத்துவிடலாம். சாப்பிட்டுவிட்டு வந்து அடுத்த குழியைத் தொடங்கலாம். எங்கள் தஞ்சோங் ரம்புத்தானில் மாலை மழை பிடித்துக்கொண்டால் வெளியே ஒன்றும் நகராது. அந்த நேரத்துக்கு இதைப்போலப் பொருந்திவரும் விளையாட்டு வேறொன்றை நான் கண்டதில்லை.

இதை உருவாக்கிய பிளேடெமிக், இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் வில்ம்ஸ்லோ என்ற சிற்றூரில் இருந்த நிறுவனம். 2017 தொடக்கத்தில் விளையாட்டு உலகெங்கும் வெளியானது. மறு ஆண்டே பிரிட்டிஷ் அகாடமியின் விளையாட்டு விருதுகளில் சிறந்த கைப்பேசி விளையாட்டு என்ற விருதைப் பெற்றது. 2021இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் பிளேடெமிக்கை 140 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு ‘கோல்ஃப் ரைவல்’ என்ற இன்னொரு கைப்பேசி கோல்ஃபை வைத்திருந்த ஸ்டார்லார்க்கை ஸிங்கா நிறுவனம் 52.5 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசமாக இறக்கிக்கொள்ளும் விளையாட்டுக்கு இத்தனை விலை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆட்டம்.

கணினி கோல்ஃப் என்றால் பல ஆண்டுகளாக நம் மனத்தில் இருந்தது ஒரு பட்டை. பட்டையில் ஒரு கோடு ஓடும். ஒரு தட்டுத் தட்டினால் வீச்சு தொடங்கும், இன்னொரு தட்டில் வேகம் நிற்கும், மூன்றாவது தட்டில் திசை நிற்கும். 1984இல் நிண்டெண்டோவுக்காக சத்தோரு இவாத்தா நிரல் எழுதிய ‘கோல்ஃப்’ நிலைநிறுத்திய முறை அது. பிற்காலத்தில் அந்த நிறுவனத்துக்கே தலைவரானவர் அவர். ‘கோல்ஃப் கிளாஷ்’ அந்தப் பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டது. இங்கே பந்தின் மீது விரலை வைத்துப் பின்னால் இழுக்கிறோம். இழுத்த தூரம்தான் வேகம். இழுத்துப் பிடித்திருக்கும்போதே ஓர் ஊசி இடமும் வலமுமாக ஆடுகிறது. அது நடுக்கோட்டைத் தொடும் கணத்தில் விரலை விட்டால் பந்து குறி வைத்த வழியே போகும். கொஞ்சம் தப்பினால் இடமோ வலமோ விலகும். முழு வேகத்தைக் குறிக்கும் வட்டத்துக்கு வெளியேயும் இழுத்துக் கூடுதல் வேகம் வாங்கலாம். அப்போது ஊசியின் ஆட்டம் வேகமாகி, நடுவில் பிடிப்பது கடினமாகும்.

கேரம் பலகையில் ஸ்டிரைக்கரை விரலால் சுண்டிப் பழகிய கைக்கு இது உடனே வசப்படும். வலுவைவிட விடுகிற கணம் முக்கியம் என்பது அந்த விரலுக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டையும் ஆடுகிறவனாகச் சொல்கிறேன், கேரமுக்குப் போடும் பவுடரைச் சிட்டிகையளவு விரல்நுனியில் தேய்த்துக்கொள்வது இங்கேயும் உதவுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் விரல் கண்ணாடியில் ஒட்டி இழுக்கும். அந்தச் சிறு தடங்கலில் ஊசி நடுவைத் தாண்டிவிடும். கைப்பேசியைக் கையில் பிடித்து ஆடுவதைவிட மேசைமேல் வைத்து ஆடுவது நல்லது. புந்தோங் கச்சான் பூத்தேயைக் கொறித்துக்கொண்டே ஆடுவது கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இப்போது காற்று. இந்த விளையாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது. திரையில் ஓர் அம்புக்குறி காற்றின் திசையைக் காட்டும், பக்கத்தில் மணிக்கு எத்தனை மைல் என்ற எண். பந்து எங்கே விழ வேண்டும் என்று நாம் வைக்கும் குறியைச் சுற்றி வளையங்கள். ஒவ்வொரு மட்டைக்கும் வேகம், துல்லியம், மேல்சுழல், பின்சுழல், வளைவு, வழிகாட்டிக் கோட்டின் நீளம் என ஆறு அளவுகள் உண்டு. கணக்குக்கு முக்கியமானது துல்லியம். மட்டையின் துல்லியம் 100 என்றால் முழுத் தூரத்தில் ஒரு வளையம் ஒரு மைல் காற்றுக்குச் சமம். துல்லியம் 50 என்றால் ஒரு வளையம் இரண்டு மைலுக்குச் சமம். அதாவது துல்லியம் குறைந்த மட்டையின் வளையங்கள் அகன்றவை.

8 மைல் காற்று இடமிருந்து வலமாக வீசுகிறது, கையில் இருப்பது துல்லியம் 50 உள்ள மட்டை என்று வைத்துக்கொள்வோம். எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு. பந்து விழ வேண்டிய இடத்தில் முதலில் குறியை வைக்க வேண்டும். பிறகு காற்று வரும் பக்கமாக, அம்புக்குறியின் கோட்டிலேயே, பழைய இடம் நான்காவது வளையத்தின் மேல் வரும்வரை குறியை நகர்த்த வேண்டும். காற்று பந்தை அந்த நான்கு வளையத் தூரம் தள்ளி, நினைத்த இடத்தில் போடும். விழும் இடம் நாம் நிற்கும் இடத்தைவிடப் பத்து விழுக்காடு தாழ்வாக இருந்தால் பந்து காற்றில் கூடுதல் நேரம் இருக்கும், எனவே நான்கு என்பது 4.4 ஆகும். மேடாக இருந்தால் அதே அளவு குறையும். முழுத் தூரத்துக்கு அடிக்காமல் பாதித் தூரத்துக்கு அடித்தால் கணக்கு மறுபடி மாறும். பந்துகளிலும் காற்றை எதிர்க்கும் பந்து, எதிர்க்காத பந்து என்று வகை இருக்கிறது.

ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், இத்தனையும் யோசிக்க நேரமிருக்காது. பாதிக் கணக்கு, பாதி ஊகம் என்று அடித்துவிடுவோம். போட்டியிலோ குழிக்கும் குழிக்கும் நடுவே உட்கார்ந்து யோசிக்கலாம். முந்தைய குழியில் எந்த மட்டை எவ்வளவு விலகியது என்று குறித்து வைக்கலாம். என் மேசையில் இதற்கென்றே ஒரு நோட்டு இருக்கிறது. மட்டையின் பெயர், துல்லியம், ஒரு வளையத்துக்கு எத்தனை மைல், பாதித் தூரத்தில் எவ்வளவு என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டிருக்கிறேன். உலகெங்கும் இதை ஆடுகிறவர்கள் இப்படி அட்டவணை போட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். அட்டவணை சரியாக இருந்து விரலும் சரியாக விட்டால், பந்து போக வேண்டிய இடத்துக்கே போகிறது. கணக்குக்கு இந்த இயங்குமுறை கொடுக்கும் மரியாதையை நான் மிகவும் மதிக்கிறேன். அடி தவறினால் ஏன் தவறியது என்று கண்டுபிடிக்க முடிகிறது. அடுத்த குழியில் திருத்த முடிகிறது. இலவச விளையாட்டுகளில் இது அரிது.

என் பெரியப்பா இளம் வயதில் ஈப்போ பக்கத்து கிளப் ஒன்றில் கேடியாக இருந்தவர். தோட்டத்தில் பால்மரம் வெட்டும் குடும்பம். விடியற்காலை வேலை முடிந்ததும், ஞாயிறு என்றால் காலையிலேயே, துரைமாரின் பையைத் தூக்கப் போவார். ஒரு போட்டி வாரத்தில் அவர் வீட்டுக்கு வந்திருந்தபோது நான் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அம்புக்குறியையும் எண்ணையும் காட்டி விளக்கினேன்.

“காத்து எவ்ளோன்னு இதுவே சொல்லிடுதாடா? அப்புறம் கேடிக்கு என்ன வேல?” என்று கேட்டார்.

கேலிக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் காலத்தில் காற்றை அறிய நாலு புல்லைக் கிள்ளி மேலே போட்டுப் பார்ப்பார்கள். அது தரைமட்டக் காற்றை மட்டும்தான் சொல்லும் என்றார். பந்து ஏறும் உயரத்தில் என்ன வீசுகிறது என்று தெரிய மர உச்சியைப் பார்க்க வேண்டும், கொடி எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்க்க வேண்டும். மலைச்சரிவிலிருந்து இறங்கும் காற்று பிற்பகலில் திசை மாறும். கிந்தா பள்ளத்தாக்கில் வளர்ந்தவருக்கு அது உடம்பிலேயே தெரியும். எங்களுக்குக் கிழக்கே கோர்பு மலை 2,183 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் மேல் மேகம் எப்போது திரளும், எத்தனை நேரத்தில் மழை இறங்கும் என்று பார்த்து, “இன்னும் ரெண்டு குழிக்குள்ள முடிச்சுக்கணும்” என்று துரைக்குச் சொன்னதும் கேடியின் வேலைதான்.

அவர் கேட்ட அடுத்த கேள்வியில் நான் இந்த விளையாட்டைப் பற்றி எழுத வேண்டிய முக்கியமான குறை ஒன்று இருந்தது. “புல்லு எந்தப் பக்கம் படுத்திருக்குன்னு காட்டுதா?”

காட்டவில்லை. நம் வெப்பநாட்டு மைதானங்களில் குழியைச் சுற்றிய பச்சைத் திடலில் புல் ஒரு திசையாகப் படுத்து வளரும். பழைய மலாயா மைதானங்களில் சிராங்கூன் புல் போடுவார்கள், குழிவரை நீளும் ஃபேர்வேயில் அகல இலை மாட்டுப் புல். புல் படுத்திருக்கும் பக்கமாக உருட்டினால் பந்து ஓடும், எதிராக உருட்டினால் பிடித்து நிறுத்தும். சரிவு ஒன்று சொல்லும், புல் வேறொன்று சொல்லும். இரண்டையும் படிப்பதற்காகத்தான் குழியின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து பார்ப்பார்கள். ‘கோல்ஃப் கிளாஷி’ல் பச்சைத் திடலுக்குச் சரிவு உண்டு, புல்லின் படுக்கை கிடையாது. மழை பெய்து ஊறிய தரை பந்தை விழுந்த இடத்திலேயே புதைப்பதும் கிடையாது. தூரமாக அடிப்பதில் இத்தனை நுட்பம் காட்டிய விளையாட்டு, கடைசி உருட்டலில் எளிமையாகிவிடுகிறது. போட்டியின் மேல்நிலையில் உருட்டல் பெரும்பாலும் சடங்குதான்.

அங்கே எல்லாரும் பந்தைப் பச்சைத் திடலுக்கு வெளியிலிருந்தே குழிக்குள் விழவைக்கப் பார்க்கிறார்கள். நிஜ மைதானத்தில் சாதாரண ஆட்டக்காரர் மூன்று-பார் குழியில், அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழியில், முதல் அடியிலேயே பந்தைக் குழிக்குள் போடும் வாய்ப்பு ஏறத்தாழ 12,500இல் ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். குழியின் விட்டமே 108 மில்லிமீட்டர்தான். இங்கே நல்ல ஆட்டக்காரர் ஒரே சுற்றில் அதைச் சாதிப்பது அன்றாடக் காட்சி. ஐந்து-பார் குழியை இரண்டே அடியில் முடிப்பதும் அப்படித்தான். பதினெட்டுக் குழிகளுக்கு முப்பதுக்கும் மேல் பாருக்குக் கீழே என்ற எண்களைத் தரவரிசைப் பலகையில் பார்க்கலாம். நிஜ கோல்ஃபின் எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறவருக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்தவில்லை. அளவுகோல் வேறு, ஆனால் சக ஆட்டக்காரர்களுக்கும் எனக்கும் ஒரே அளவுகோல். ஓர் அடி கூடினாலும் தரவரிசையில் பல இடம் இறங்க வேண்டியிருக்கிறது என்பதால் ஒவ்வொரு குழியிலும் முழுக் கவனம் கேட்கிறது.

நான் ரசித்து ஆடிய மைதானம் ‘கோ ஹாங் ரிசார்ட்’. தாய்லாந்தின் கிராபி கடலோரத் தீவொன்றின் பெயர் அது. விளையாட்டை உருவாக்கியவர்கள் வரைந்ததும் அந்த வெப்பமண்டலக் கடலோரத்தைத்தான். நீலப் பச்சைத் தண்ணீர், தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய மேடைகள். தம்புன், குனுங் ராப்பாட் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தக் கடலோரம் அயலாகத் தெரிவதில்லை. ஸ்காட்லாந்துப் புல்வெளிகளின் சாயலில் மைதானங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஆடும்போது விருந்தாளிபோல இருக்கும். கோ ஹாங்கில் அப்படியில்லை.

இதை எழுதும்போது கோல்ஃபில் நம்மவர்களின் இடம் பற்றிய நினைவு வராமல் இருக்காது. தோட்டப்புற மலாயாவில் துரைமார் கிளப்பும் மைதானமும் வைத்துக்கொண்டார்கள். பையைத் தூக்கியதும் புல்லை வெட்டியதும் காட்டுக்குள் போன பந்தைத் தேடியதும் நம் ஆட்கள். இருந்தும் மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் என்ற பெயர்கள் தொழில்முறை கோல்ஃபில் மலேசியாவின் பெயர்களாக நின்றன. பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓப்பனையே வென்றார். இலங்கையின் என். தங்கராஜா இந்தியத் தொழில்முறைச் சுற்றில் கோப்பைகள் எடுத்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்த பாப்வா செவ்கோலும் என்ற கேடி, பள்ளிக்கூடம் பார்க்காதவர், இடக்கையைக் கீழே வைத்துத் தலைகீழாக மட்டையைப் பிடிப்பவர், டச்சு ஓப்பனை மூன்று முறை வென்றார். 1963இல் நாட்டால் ஓப்பனை வென்றபோது நிறவெறிச் சட்டத்தால் கிளப் கட்டடத்துக்குள் நுழைய முடியாமல் மழையில் வெளியே நின்று பரிசை வாங்கிக்கொண்டார். இரண்டு ஆண்டு கழித்து அதே போட்டியில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். இவர்கள் அத்தனை பேரும் திறமையால் உள்ளே வந்தவர்கள். மட்டை, உறுப்பினர் கட்டணம், நேரம் என்று இந்த விளையாட்டு எப்போதுமே காசு கேட்டது. கையிலிருக்கும் கைப்பேசி அந்தக் காசைக் கேட்காமல் ஒரு மைதானத்தைத் திறந்துவிடுகிறது என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

அதனால்தான் இதன் பணப் பக்கம் என்னை வருத்துகிறது. முதலில் கேட்ட 140 கோடி டாலர் கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது.

இந்த விளையாட்டில் மட்டைகள் பெரும்பாலும் பெட்டிகளிலிருந்தே வருகின்றன. வென்றால் பெட்டி கிடைக்கும். பெட்டிக்குள் மட்டை அட்டைகள். போதுமான அட்டை சேர்ந்து, நாணயமும் கட்டினால், மட்டை ஒரு நிலை உயரும். பெட்டி திறக்க மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் அல்லது ரத்தினக்கல் கொடுத்து உடனே திறக்கலாம். ரத்தினக்கல்லை நிஜப் பணத்துக்கு வாங்கலாம். எந்தப் பெட்டியில் எந்த மட்டை இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. டிரைவர், வுட், நீள அயர்ன், குறு அயர்ன், வெட்ஜ், ரஃப் அயர்ன், மணல் வெட்ஜ் என்று ஏழு வகை; ஒவ்வொன்றிலும் அடுக்கடுக்காகப் பல மட்டைகள். சிறந்தவை அரிதாக வரும். சிறப்புப் பந்துகளோ ஒரு குழிக்கு ஒன்று தீர்ந்துவிடும். பதினெட்டுக் குழிப் போட்டியில் எல்லாக் குழிக்கும் நல்ல பந்து போட வேண்டுமென்றால் பதினெட்டுப் பந்து போய்விடும். எப்போதும் தீராதது சாதாரணப் பந்து மட்டும்.

மேலே சொன்ன காற்றுக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். துல்லியம் கூடிய மட்டை வைத்திருப்பவரின் வளையம் சிறியது, பிழையும் சிறியது. காற்றை எதிர்க்கும் பந்து போட்டவருக்குக் கழிக்க வேண்டிய மைல்களே குறைவு. கணக்கு இருவருக்கும் ஒன்றுதான், ஆனால் ஒருவர் கையில் நுண்ணிய அளவுகோலும் மற்றவர் கையில் பருமனான அளவுகோலும் இருக்கின்றன. வேறுபாடு திறமையால் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம், நாள்பட ஆடிச் சேர்த்ததால் வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். கடன் அட்டையால் வருவதை விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பணம் கொடுத்தும் என்ன கிடைக்கும் என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டி என்பதால் நிலைமை இன்னும் மோசம். 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இப்படிப்பட்ட கட்டணப் பெட்டிகள் தங்கள் நாட்டுச் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று முடிவு சொன்னது. நான் அந்த முடிவின் பக்கம் நிற்கிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பாகவும் செம்பனையாகவும் மாறிய பிறகு டவுனுக்கு வந்த குடும்பங்கள் நம்முடையவை. நான்கு நம்பர் சீட்டில் மாதச் சம்பளம் கரைவதைப் பார்த்தவர்கள் நாம். அதே ஆசையைப் பிள்ளைகளின் கைப்பேசிக்குள் பெட்டியாகக் கொண்டுவந்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

போட்டியின் பிரிவுகள் இந்த அநியாயத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன. ரூக்கியிலும் புரோவிலும் காற்று அளவோடு இருப்பதால் பொதுவான மட்டைகளே போதும். அங்கே நோட்டும் விரலும் ஜெயிக்கும். எக்ஸ்பர்ட்டில் பெட்டியின் கை ஓங்கத் தொடங்குகிறது. மாஸ்டரில் இறங்கினால், எதிர்க்காற்றில் தூரம் எட்டவே உயர்நிலை டிரைவர் வேண்டும். இலவசமாகவே ஆடி அங்கே நிற்பவர்களும் இருக்கிறார்கள், நெடுங்கால உழைப்பால். அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். மற்றவர்கள் புரோவில் நின்று ஆடினால் இந்த விளையாட்டின் சிறந்த பகுதி முழுவதும் கிடைத்துவிடும் என்பது என் தீர்ப்பு.

கருவி பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தர விலை ஆண்ட்ராய்டு கைப்பேசியில் சீராக ஓடுகிறது. திரையின் புதுப்பிப்பு வேகம் கூடிய கைப்பேசியில் ஊசியின் ஆட்டம் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிவதால் விடும் கணத்தைப் பிடிப்பது எளிது. தடித்த பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டியிருந்தால் இழுப்பில் நயம் குறையும். நீண்ட சுற்றில் கைப்பேசி சூடேறும், மின்கலம் இறங்கும். இணையம்தான் இங்கே கவலை. குன்றுகள் நிறைந்த நம் பக்கத்தில் மழை நேரத்தில் கைப்பேசி அலை விட்டுவிட்டு வரும். நான் வைத்திருந்த ஓர் இணைப்பு இடி இடித்தாலே படுத்துக்கொள்ளும். ஆட்டம் எப்போதும் இணையத்தோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியது என்பதால் முக்கியமான குழியை நல்ல இணைப்பு உள்ள இடத்தில், மழைக்கு முன்போ பின்போ ஆடுவது நல்லது. சுற்று முடியும் கடைசி மணி நேரத்துக்கு எதையும் ஒத்திப்போடக் கூடாது.

மாற்று என்ன என்று கேட்பவர்களுக்கு ‘டபிள்யூஜிடி கோல்ஃப்’ இருக்கிறது. அது நிஜ மைதானங்களைப் படம் பிடித்து அந்தப் படங்களின் மேலேயே ஆடவைப்பது. செயின்ட் ஆண்ட்ரூஸ், பெபிள் பீச் போன்ற இடங்களை உள்ளபடியே பார்க்கலாம். பச்சைத் திடலின் சரிவைப் படிப்பதில் அது ‘கோல்ஃப் கிளாஷை’விட ஆழமானது. பெரியப்பாவுக்கு அதைத்தான் காட்டினேன். கட்டங்களின் மேல் ஓடும் புள்ளிகளை வைத்துச் சரிவைச் சொல்லும் முறையை உடனே பிடித்துக்கொண்டார். ஆனால் பழகும் காலம் அதிகம், அங்கேயும் பந்துக்கும் மட்டைக்கும் காசு கேட்கும். ‘பிஜிஏ டூர் 2கே’ வரிசை முழு விலை கொடுத்து வாங்கி, பெரிய திரையில் ஆட வேண்டியது. வாங்க முடிந்தவர்களுக்கு அதுவே நிஜத்துக்கு நெருக்கம். சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, ஒரு விரலால், வாரம் முழுக்கச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஆடக்கூடிய போட்டி என்றால் ‘கோல்ஃப் கிளாஷ்’தான் என் முதல் பரிந்துரை.

சேர நினைப்பவர்கள் சில காரியங்களை முதலிலேயே செய்துவிடுங்கள். செயலியை இறக்குவதற்கு முன்பே கைப்பேசிக் கடையில் பதிந்து வைத்திருக்கும் வங்கி அட்டை, மின்பணப்பை விவரங்களை நீக்குங்கள், அல்லது ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமையுங்கள். பிள்ளைகள் ஆடும் கைப்பேசி என்றால் இது கட்டாயம். ஏழு வகையிலும் ஒவ்வொரு மட்டையை மட்டும் தேர்ந்து அதற்கே நாணயத்தைச் செலவிடுங்கள். கண்ணில் படுவதையெல்லாம் உயர்த்திக்கொண்டிருந்தால் எதுவும் உருப்படாது. தேர்வில் வேகத்தைவிடத் துல்லியத்துக்கு முதலிடம் கொடுங்கள். கிளான் எனப்படும் ஆட்டக்காரர் குழு ஒன்றில் சேர்ந்தால் வேண்டிய அட்டையைக் கேட்டு வாங்கலாம், காசில்லாமல் மட்டை வளர அது நேர்மையான வழி. சிறப்புப் பந்துகளைச் சேமித்து வைத்து, தண்ணீரைத் தாண்ட வேண்டிய குழிகளுக்கும் எதிர்க்காற்றுக் குழிகளுக்கும் மட்டும் எடுங்கள். ஒரு நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் உங்கள் ஏழு மட்டைகளின் துல்லியத்தை எழுதி, 100இலிருந்து அதைக் கழித்து, மீதியை 50ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். வரும் விடைதான் அந்த மட்டையின் ஒரு வளையத்துக்கான காற்று. முதல் வாரம் ரூக்கிப் பிரிவில் இறங்குங்கள்.